சார்ல்ஸ் ஹென்றி டேர்னர்: எறும்பையும் தேனீயையும் படித்த ஆசிரியர்

கரப்பான் பூச்சி ஒன்றைக் கண்டால் நம்மில் பலர் முதலில் தேடுவது செருப்பை, அல்லது தும்புத்தடியை. உயிரியல் ஆய்வுகூடத்தில் அதனைத் தட்டில் வைத்துப் பார்க்க நேர்ந்தாலும், முகத்தைச் சுளித்துக்கொண்டு கால்கள் எத்தனை, உணர்கொம்புகள் எத்தனை என்று எண்ணிப் படம் வரைந்து முடித்துவிடுவோம். அந்தச் சிறிய உயிர் எதையாவது கற்றுக்கொள்ளுமா, சற்று முன்னர் நடந்தது அதற்கு நினைவிருக்குமா என்ற கேள்வி நமக்கு எழுவது அரிது.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் வாழ்ந்த பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு அந்தக் கேள்வி எழுந்தது. வகுப்பறையில் உயிரியல் கற்பித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் அவர் எறும்புகளையும் தேனீக்களையும் கரப்பான் பூச்சிகளையும் ஆராய்ந்தார். பெரிய ஆய்வுகூடமோ, உதவிக்கு ஆட்களோ அவருக்கு இருக்கவில்லை. எனினும், விலங்கு நடத்தை பற்றிய ஆய்வுத்துறையின் முன்னோடிகளில் ஒருவராக இன்று அவர் மதிக்கப்படுகிறார். அவர்தான் சார்ல்ஸ் ஹென்றி டேர்னர்.

புத்தகங்கள் நிறைந்த வீடு

டேர்னர் 1867ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் திகதி, ஒஹியோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. சின்சினாட்டி ஒஹியோ ஆற்றின் கரையில் அமைந்த நகரம். ஆற்றின் மறுகரையில் உள்ள கென்டக்கி மாநிலத்தில் மிக அண்மைக்காலம் வரை மனிதர்கள் விலைக்கு வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்தனர்.

டேர்னரின் தந்தை தோமஸ் கனடாவிலிருந்து வந்தவர். தேவாலயம் ஒன்றில் பராமரிப்பாளராக வேலை செய்தார். தாய் அடலின் கென்டக்கியைச் சேர்ந்தவர். நோயாளரைப் பராமரிக்கும் தாதியாகத் தொழில் புரிந்தார். வருமானம் பெரிதாக இல்லாத குடும்பம். ஆனால் அந்த வீட்டில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருந்தன. தந்தை வாசிப்பிலும் சிந்தனையிலும் ஈடுபாடு மிக்கவர். மகனுக்குச் சிறு வயதிலிருந்தே பூச்சிகளைப் பற்றி ஓயாத கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகளுக்கு இடங்கொடுத்த வீட்டில் அவர் வளர்ந்தார்.

கறுப்பின மாணவர்களுக்கென இருந்த கெய்ன்ஸ் உயர்நிலைப் பாடசாலையில் பயின்று, 1886இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். அதே ஆண்டில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே லியொன்டீன் ட்ரோய் என்பவரை மணந்தார். குடும்பப் பொறுப்புகளோடு படித்து, 1891இல் விஞ்ஞானமாணிப் பட்டமும் 1892இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

ஆய்வுகூடத்தில் முதற்படி

சின்சினாட்டியில் டேர்னருக்கு வாய்த்த ஆசிரியர் கிளாரன்ஸ் ஹெரிக். வெவ்வேறு விலங்குகளின் மூளைகளை ஒப்பிட்டு ஆராய்வதில் வல்லவரான இவர், அத்துறைக்கென்றே 1891இல் ஓர் ஆய்வுச் சஞ்சிகையையும் தொடங்கினார். அவரது வழிகாட்டலில் டேர்னர் பறவைகளின் மூளையை ஆராய்ந்தார். மூளையை மெல்லிய வெட்டுகளாக்கி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் மணிக்கணக்கில் பார்த்து வரையும் வேலை அது. அந்த ஆய்வு ஹெரிக்கின் சஞ்சிகையின் முதலாம் தொகுதியிலேயே வெளிவந்தது. 1892இல் பறவை மூளை பற்றிய அவரது குறிப்பொன்று ‘சயன்ஸ்’ என்னும் புகழ்பெற்ற சஞ்சிகையில் அச்சாகியது. அச்சஞ்சிகையில் எழுதிய முதல் ஆபிரிக்க அமெரிக்கர் என்ற பெயர் அதனால் அவருக்குக் கிடைத்தது. பட்டம் பெற்ற பின்னரும் 1893 வரை அதே பல்கலைக்கழகத்தின் உயிரியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராகப் பணிபுரிந்தார்.

உடலின் அமைப்பை அறிவதோடு அவரது ஆவல் நின்றுவிடவில்லை. இந்த மூளையைக் கொண்டு அந்த உயிர் என்ன செய்கிறது என்பதே அவரை ஈர்த்த கேள்வி. அக்காலத்திலேயே அவர் ஒருவகைச் சிலந்தியைக் கவனிக்கத் தொடங்கினார். சிலந்தி வலை பின்னுவது இயல்பூக்கம். அதற்கு யாரும் கற்பிப்பதில்லை. அப்படியானால் எல்லா வலைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்க வேண்டும் அல்லவா? டேர்னர் பல இடங்களில் இருந்த வலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். சுவரின் மூலையில் ஒரு விதம், புல்லினிடையே இன்னொரு விதம் என இடத்துக்கு ஏற்ப வலை மாறியது. பின்னும் ஆற்றல் பிறவியிலேயே வருவது. அதனை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பதில் சிலந்திக்கு நெகிழ்ச்சி உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1892இல் வெளியான இந்த ஆய்வு, அவர் வாழ்நாள் முழுவதும் நடக்கவிருந்த பாதையின் தொடக்கமாகும்.

அட்லாண்டாவில் பன்னிரண்டு ஆண்டுகள்

1893இல் ஜோர்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவிலிருந்த கிளார்க் பல்கலைக்கழகத்தில் டேர்னருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அது கறுப்பின மாணவருக்காக நடத்தப்பட்ட நிறுவனம். விஞ்ஞானமும் விவசாயமும் அவர் பொறுப்பில் வந்தன. 1905 வரை அங்கே கற்பித்தார்.

அங்கு சென்ற இரண்டு ஆண்டுகளில், 1895இல், மனைவி லியொன்டீன் சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இறந்துபோனார். அந்தத் துயரத்தின் நடுவிலும் டேர்னரின் ஆய்வு நிற்கவில்லை. 1901இல் நன்னீரில் வாழும் கிறேபிஷ் என்னும் இறால் வகையின் மூளையில் உள்ள காளான் வடிவப் பகுதிகளை ஆராய்ந்து விரிவான கட்டுரையொன்றை வெளியிட்டார். பூச்சிகளிலும் இத்தகைய பகுதிகள் உண்டு. கற்றலுக்கும் நினைவுக்கும் அவை முக்கியமானவை என்பதைப் பிற்கால விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். டேர்னர் தம் மகன்களில் ஒருவருக்கு டார்வின் ரோமனிஸ் என்று பெயரிட்டிருந்தார். பரிணாமக் கொள்கையைத் தந்த டார்வினையும், விலங்குகளின் அறிவாற்றல் பற்றி எழுதிய ஜோர்ஜ் ரோமனிசையும் அந்தப் பெயர் நினைவூட்டியது. அவர் எதன் மீது மனத்தைச் செலுத்தியிருந்தார் என்பதற்கு அதுவே போதிய சான்று.

அட்லாண்டாவை விட்ட பின்னர் டென்னசியிலும் ஜோர்ஜியாவிலும் பாடசாலைகளில் பணிபுரிந்தார். லிலியன் போர்ட்டர் என்பவரை மறுமணம் செய்தார். இதற்கிடையே சிக்காகோ பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வை மேற்கொண்டு, 1907இல் தமது 40ஆவது வயதில் உயர் சிறப்புடன் கலாநிதிப் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், எறும்பு எப்படி வீடு திரும்புகிறது என்பது.

எறும்பு எப்படி வழி அறிகிறது?

அக்காலத்தில் பூச்சிகளைப் பற்றி வலுவான கருத்தொன்று நிலவியது. ஜேர்மனியைச் சேர்ந்த அல்பிரெக்ட் பெத்தே, எறும்பும் தேனீயும் வெறும் தெறிவினை இயந்திரங்கள் என்று 1898இல் வாதிட்டார். ஜாக் லோப் என்ற உடற்றொழிலியல் அறிஞர், செடி ஒளியை நோக்கி வளைவது போலவே கீழ்நிலை விலங்குகளின் அசைவுகளும் ஒளி, வெப்பம் முதலிய தூண்டல்களால் நிர்ணயிக்கப்படுகின்றன என்றார். இதற்கு எதிர்முனையில் வேறு சிலர், எறும்பு மனிதரைப் போல யோசிக்கிறது, கவலைப்படுகிறது என்று கதை எழுதிக்கொண்டிருந்தனர்.

டேர்னர் இரண்டு பக்கத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எறும்பையே சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தார். தேவைப்பட்டவை மிகக் குறைவு: ஆய்வுகூடத்தில் வளர்த்த எறும்புக் கூடு, காட்போட் அட்டை, மின்விளக்கு. அட்டையால் ஒரு சிறு மேடை அமைத்தார். மேடையின் இரு பக்கங்களிலும் கீழே இறங்குவதற்குச் சாய்வான அட்டைப் பாதைகளை வைத்தார். மேடையில் எறும்புகளையும் அவற்றின் கூட்டுப்புழுக்களையும் விட்டார். எறும்பு தன் கூட்டுப்புழுவைத் தூக்கிக்கொண்டு கூட்டுக்குப் போக வழி தேடும். சிறிது நேரம் அலைந்த பின்னர், ஒரு பாதையைக் கண்டுபிடித்து அதனையே பயன்படுத்தத் தொடங்கும்.

இனித்தான் சோதனை. எறும்பு வாசனைத் தடத்தை மட்டும் பின்பற்றுகிறது என்பது உண்மையானால், அது நடந்து பழகிய அட்டையை எடுத்து மறுபக்கத்தில் வைத்தால் எறும்பும் மறுபக்கம் போக வேண்டும். டேர்னர் இரு பாதைகளையும் இடம் மாற்றி வைத்தார். எறும்புகளோ அட்டையைத் தேடிப் போகாமல் பழைய பக்கத்துக்கே சென்றன. ஆகவே வாசனை மட்டும் காரணமல்ல. அடுத்து ஒரு பக்கத்தில் இருந்த விளக்கை மறுபக்கத்துக்கு மாற்றினார். இப்போது எறும்புகள் குழம்பி எதிர்ப்பக்கம் போயின. ஒளி வரும் திசையை அவை குறியாகக் கொண்டிருந்தன. அது ஒளியின் விளைவா, விளக்கின் வெப்பத்தின் விளைவா என்ற ஐயமும் அவருக்கு வந்தது. ஆதலால் வெப்பத்தைத் தடுக்கும் வடிகட்டியை இடையில் வைத்தே அச்சோதனையைச் செய்தார்.

இப்படி ஒவ்வொரு காரணியாக விலக்கிப் பார்த்த பின்னரே முடிவை எழுதினார். ஒளியின் திசை, வாசனை, சுற்றியுள்ள அடையாளங்கள், முன்பு நடந்த பயணத்தின் நினைவு ஆகிய பலவற்றையும் எறும்பு பயன்படுத்துகிறது, அனுபவத்தால் கற்கிறது. கூட்டை நெருங்கிய எறும்பு சில வேளை வட்டமிட்டுச் சுற்றித் தேடுவதையும் அவர் விவரித்தார். பிரெஞ்சு மொழியில் எழுதிய ஆய்வாளர் ஒருவர் அந்தச் சுற்றலுக்கு டேர்னரின் பெயரையே இட்டார்.

மண்ணில் துளையிட்டு வாழும் தேனீ வகையொன்றிடம் அவர் செய்த சோதனை இன்னும் எளிமையானது. தேனீயின் துளைக்கு அருகே ஒரு சோடாப் போத்தல் மூடி கிடந்தது. தேனீ அதனை அடையாளமாகக் கொள்கிறதா என்று அறிய, மூடியைச் சற்றுத் தள்ளி, வேறொரு துளையருகே வைத்தார். திரும்பி வந்த தேனீ தன் சொந்த வாசலை விட்டுவிட்டு, மூடி இருந்த இடத்துக்குப் போனது. வீதியில் கிடக்கும் ஒரு தகரமூடியைக் கொண்டு, தேனீக்கு இடத்தைப் பற்றிய நினைவு உண்டு என்பதை அவர் காட்டிவிட்டார்.

சம்னர் பாடசாலையின் ஆசிரியர்

கலாநிதிப் பட்டமும் பல ஆய்வுக் கட்டுரைகளும் இருந்தும், பெரிய பல்கலைக்கழகம் எதிலும் டேர்னருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. நிறத்தின் பெயரால் கதவுகள் மூடப்பட்டிருந்த காலம் அது. 1908இல் சென் லூயிஸ் நகரின் சம்னர் உயர்நிலைப் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தார். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கறுப்பின மாணவருக்காகத் தொடங்கப்பட்ட முதல் உயர்நிலைப் பாடசாலை அதுவாகும். 1922 வரை அங்கே உயிரியலும் உளவியலும் கற்பித்தார்.

பாடசாலை ஆசிரியரின் நாள் எப்படிப்பட்டது என்பதை நாம் அறிவோம். பாடங்கள், செய்முறைகள், திருத்த வேண்டிய விடைத்தாள்கள் என்று நேரம் ஓடிவிடும். ஆய்வுக்குப் பல்கலைக்கழக நூலகம் இல்லை. உதவ முதுகலை மாணவர்கள் இல்லை. ஆயினும் டேர்னரின் மிகச் சிறந்த ஆய்வுகள் பல இந்தப் பதினான்கு ஆண்டுகளில்தான் வெளிவந்தன.

விடுமுறை நாட்களில் நகரின் ஓபாலன் பூங்காவுக்குச் சென்று தேனீக்களைச் சோதித்தார். தேனீக்கு நிறம் தெரியுமா என்பது கேள்வி. பூக்கள் ஏன் இத்தனை நிறங்களில் பூக்கின்றன என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அட்டையால் நிற வட்டங்களையும் சிறு கூம்புகளையும் பெட்டிகளையும் செய்தார். ஒரு நிறத்தில் மட்டும் தேன் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் அதே நிறத்தில் புதிய அட்டையை, தேன் படாத அட்டையை, வேறு நிறங்களின் நடுவே வைத்தார். தேனின் வாசனை அட்டையில் ஒட்டியிருந்து தேனீயை இழுக்கக்கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. தேனீக்கள் பழகிய நிறத்தையே நாடின. இந்த ஆய்வு 1910இல் வெளியானது. அடுத்த ஆண்டில், கோடுகள் முதலிய வடிவங்களையும் தேனீக்கள் வேறுபடுத்தி அறிகின்றன என்று காட்டினார்.

இதில் ஒரு குறையும் உண்டு. டேர்னர் பயன்படுத்திய நிறங்களில் சிவப்பும் ஒன்று. தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு ஒரு நிறமாகத் தெரிவதில்லை. அது கடும் சாம்பல் போலத் தோன்றும். தேனீ நிறத்தைப் பார்த்ததா, வெளிச்சத்தின் அளவை மட்டும் பார்த்ததா என்பதைப் பிரித்தறிய, பல தரச் சாம்பல் நிற அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனை 1914இல் செய்து காட்டியவர் ஒஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் வொன் பிரிஷ். தேனீக்கு நிறப்பார்வை உண்டு என்ற முடிவு அதனால் உறுதியாயிற்று. சிவப்பு மட்டும் பட்டியலிலிருந்து நீங்கியது. வொன் பிரிஷ் 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். விஞ்ஞானம் இப்படித்தான் ஒருவர் வைத்த படியில் மற்றவர் ஏறி வளர்கிறது.

தேனீக்கு நேரம் தெரியுமா என்பதையும் டேர்னர் கவனித்தார். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் ஜாம் வைத்தபோது தேனீக்கள் மூன்று வேளையும் வந்தன. பின்னர் காலையில் மட்டும் வைத்தார். சில நாட்கள் மற்ற வேளைகளிலும் வந்து பார்த்த தேனீக்கள், பின்பு காலையில் மட்டும் வரத் தொடங்கின.

கரப்பான் பூச்சியும் அந்துப்பூச்சியும்

கரப்பான் பூச்சிக்கு இருட்டு பிடிக்கும். வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். இதனை மாற்ற முடியுமா? பாதி இருட்டும் பாதி வெளிச்சமும் உள்ள பெட்டியில் கரப்பானை விட்டு, அது இருட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் மெல்லிய மின்னதிர்ச்சி கொடுத்தார் டேர்னர். பல முறை நிகழ்ந்த பின்னர் கரப்பான் இருட்டின் வாசலில் தயங்கி நின்றது, திரும்பியது. அதன் இயல்பே தலைகீழாக மாறிவிட்டது என்று சொல்லத் தோன்றும். டேர்னர் அப்படிச் சொல்லவில்லை. இருட்டு கசப்பான அனுபவத்தைத் தருகிறது என்பதைப் பூச்சி கற்றுக்கொண்டது. மாறியது போலத் தோன்றியது கற்றலின் விளைவு என்று 1912இல் எழுதினார்.

அடுத்த ஆண்டில் கரப்பானுக்கு ஒரு வழிப்புதிர் அமைத்தார். ஒரு தட்டில் நீர். அதன் மேலே செப்புத் தகட்டால் ஆன ஒடுங்கிய பாதைகள். சில பாதைகள் முட்டுச்சந்தில் முடியும். ஒன்று மட்டும் கரப்பானின் இருப்பிடமான போத்தலுக்கு இட்டுச்செல்லும். முதல் முறை கரப்பான் அங்குமிங்கும் அலைந்தது, நீருக்குள்ளும் விழுந்தது. இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் விட்டபோது, ஒரே நாளில் அதன் தவறுகள் குறைந்தன. எல்லாக் கரப்பான்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை என்பதையும் அவர் குறித்துவைத்தார். ஒன்று விரைவாகக் கற்றது. இன்னொன்று மெதுவாகக் கற்றது. ஒரே இனத்தின் தனியன்களிடையே உள்ள இந்த வேறுபாட்டை அக்காலத்தில் பலர் பொருட்படுத்தவில்லை.

1914இல் அவர் வெளியிட்ட அந்துப்பூச்சி ஆய்வு, உயர்தர உயிரியல் மாணவியருக்கு மிகவும் பழக்கமான ஒரு பெயரை நினைவூட்டும். பெரிய பட்டு அந்துப்பூச்சிகளுக்குக் காது கேட்குமா என்று அறிய, ஊதுகுழல்களால் வெவ்வேறு சுருதிகளில் ஒலி எழுப்பினார். சில இனங்கள் சிறகை அசைத்தன. ஓர் இனம் மட்டும் அசையாமல் இருந்தது. அது செவிடா? ஒலி எழும்பும்போதே அப்பூச்சியை முரட்டுத்தனமாகக் கையாண்டு, அதனைப் பல முறை தொடர்ந்தார். பின்னர் ஒலி மட்டும் கேட்டபோதே அது சிறகடித்தது. காது கேட்டுத்தான் இருந்தது. அந்த ஒலிக்கு முன்னர் அதன் வாழ்வில் பொருள் இருக்கவில்லை. மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரந்த நாயைப் பற்றிப் பவ்லோவின் பெயரோடு நாம் படிக்கிறோம். அதே வகையான கற்றலைச் சென் லூயிஸில் ஓர் ஆசிரியர் அந்துப்பூச்சியில் காட்டியிருந்தார்.

பூச்சிகளுக்கு அறிவு உண்டு என்று சொல்ல வேண்டுமென்ற பிடிவாதமும் அவருக்கு இல்லை. குழிநரி எனப்படும் பூச்சியைத் தொட்டால் அது செத்தது போலக் கிடக்கும். ஏமாற்றுவதற்காக நடிக்கிறது என்று பலர் கருதினர். 1915இல் டேர்னர் அதனை ஆராய்ந்து, அதில் நடிப்போ திட்டமோ இல்லை, அது அச்சத்தால் உடல் விறைத்துப்போகும் நிலை என்றார். சான்று எந்தப் பக்கம் காட்டியதோ அந்தப் பக்கம் போனார்.

மனிதரைப் பற்றியும் அதே கேள்வி

டேர்னர் வாழ்ந்த நாட்டில், ஒரு மனிதனைப் பார்த்தவுடனேயே அவனால் எவ்வளவு கற்க முடியும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அந்த முடிவுக்கு முன்னர் எந்தச் சோதனையும் நடக்கவில்லை. தோலின் நிறம் போதுமானதாயிருந்தது. தம் வாழ்நாளெல்லாம் அதன் விளைவை அனுபவித்த டேர்னர், எறும்பின் விடயத்தில்கூட முன்முடிவுக்கு வர மறுத்தார்.

1902இல் எழுதிய ஒரு கட்டுரையில், விலங்கு நடத்தையில் தாம் கண்டவற்றைக் கொண்டு இன வெறுப்பை விளக்க முயன்றார். பழக்கமற்றதைக் கண்டு ஒதுங்கும் இயல்பு ஒரு பங்கு. பிறரைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வெறுப்பு இன்னொரு பங்கு. கற்றதைக் கல்வியால் மாற்றலாம் என அவர் நம்பினார். அந்தக் கல்வி கறுப்பினத்தவருக்கு மட்டுமன்றி வெள்ளையருக்கும் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சம்னர் பாடசாலையில் தங்கி மாணவருக்கு விஞ்ஞானம் கற்பித்ததும், சென் லூயிஸ் நகரில் தம் மக்களின் உரிமைக்காக உழைத்ததும் இந்த நம்பிக்கையின் செயல் வடிவங்கள்.

இறுதி நாட்கள்

உடல்நலம் குன்றியதால் 1922இல் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, சிக்காகோவில் மகன் டார்வினோடு தங்கினார். 1923ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி இதயத் தசை அழற்சியால் காலமானார். வயது 56. எறும்பு, தேனீ, குளவி இனங்கள் வீடு திரும்புவது பற்றிய அவரது கட்டுரையொன்று அவர் இறந்த ஆண்டிலேயே சென் லூயிஸ் விஞ்ஞானக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அவர் எழுதிய கட்டுரைகள் மொத்தம் எழுபதுக்கு மேல்.

1925இல் சென் லூயிஸ் நகரில் மாற்றுத்திறனாளிகளான கறுப்பினச் சிறுவர்களுக்காகப் பாடசாலையொன்று திறக்கப்பட்டபோது அதற்கு டேர்னரின் பெயர் சூட்டப்பட்டது. விஞ்ஞான உலகமோ நெடுங்காலம் அவரை மறந்திருந்தது. பின்னாளில் பூச்சிகளின் கற்றல் பற்றி ஆராய்ந்தவர்கள் பழைய சஞ்சிகைகளைப் புரட்டியபோதுதான், தாம் கேட்ட கேள்விகள் பலவற்றை அவர் முன்னரே கேட்டு, கவனமாகச் சோதித்தும் வைத்திருந்ததைக் கண்டார்கள்.

நமக்கு எஞ்சுவது

எங்கள் ஆய்வுகூடத்தில் அது இல்லை, இது இல்லை என்று மாணவியர் குறைப்படுவதுண்டு. நுணுக்குக்காட்டிகள் போதாது, இரசாயனப் பொருட்கள் வந்து சேரவில்லை என்ற குறைகள் உண்மையானவைதாம். அவை தீர்க்கப்பட வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை என்பதற்கு டேர்னரின் வாழ்வு சாட்சி. அட்டை, விளக்கு, தட்டில் நீர், ஒரு சோடா மூடி. இவற்றோடு அவரிடம் இருந்தவை மூன்று பழக்கங்கள். கேள்வியை ஒரு நேரத்தில் ஒன்றாகச் சுருக்கிக்கொள்வார். தம் விடை பிழையாக இருக்க வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று தாமே தேடிப்பார்ப்பார். கண்டதைக் கண்டபடி எழுதிவைப்பார். அடுத்த செய்முறைப் பாடத்தில் இம்மூன்றையும் நாமும் முயன்று பார்க்கலாம்.

பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சமையலறைச் சுவரில் ஊரும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு மகள் நெடுநேரம் நின்றால், படிக்கும் நேரம் வீணாகிறது என்று எண்ணத் தோன்றும். பராமரிப்பாளராக உழைத்த தோமஸும் தாதியாக உழைத்த அடலினும் தம் மகனை அப்படித் துரத்தவில்லை. எறும்பைப் பார்க்கவிட்டார்கள், வாசிக்கப் புத்தகம் தேடி வைத்தார்கள். அந்த எறும்பு எங்கே போகிறது என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவளுக்கும் விடை தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து சற்று நேரம் நின்று கவனியுங்கள்.